பெறாமகளின் கலியாணமும் ஒன்பது நாள் லீவும்

கேள்வி: கிளிநொச்சியில் கட்டடப் பொருட்கள் விற்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பாரிஸில் இருக்கும் அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். மண்டபம் இரண்டு சனிக்கிழமைகளில் கிடைக்கிறதாம். ஒன்று ஆனிக் கடைசியில், ஜூலை இரண்டாம் வாரம். மற்றது ஆவணிக் கடைசியில், செப்டெம்பர் இரண்டாம் வாரம். எது என்று அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. எங்கள் முதலாளி ஒரேயடியாக ஒன்பது நாளுக்கு மேல் லீவு தரமாட்டார். டிக்கெட் காசில் அரைவாசி அக்கா தருவார், மீதி என் சேமிப்பு. பலாலியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து பாரிஸ் போனால் மலிவு என்கிறான் தம்பி. செவ்வாய்க்கிழமை இரவில் தேடினால் விலை குறையும் என்கிறார் கூட வேலை செய்பவர். அப்படியே சுவிஸில் இருக்கும் மாமாவையும் பார்த்து வர ஆசை. கடவுச்சீட்டு நவம்பர் வரை செல்லும், அந்தக் கவலை இல்லை. டிக்கெட்டை எப்போது, எப்படிப் போடுவது?

— வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புத் தங்கைக்கு,

கவலை இல்லை என்று நீங்கள் எழுதிய ஒரே விடயம்தான் எனக்கு முதல் கவலை. பிரான்ஸுக்குப் போக உங்களுக்கு ஷெங்கன் வீசா வேண்டும், அதாவது பிரான்ஸ், சுவிஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வீசா. அந்த நாடுகளை விட்டு நீங்கள் வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது விதி. செப்டெம்பர் 18 அளவில் திரும்புகிறீர்கள் என்றால் டிசம்பர் 18 தாண்டியும் அது உயிரோடு இருக்க வேண்டும். நவம்பரில் முடியும் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆகவே டிக்கெட் விலை பார்ப்பதை இந்த வாரம் மறந்துவிடுங்கள். பதிவுசெய்யப்பட்ட ஸ்டூடியோ ஒன்றில் கடவுச்சீட்டுக்கான படம் எடுங்கள், அவர்கள் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு வவுனியாவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களப் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். பத்தரமுல்ல வரை அலைய வேண்டியதில்லை.

போகும்போது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து, பெயரின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடம்பெயர்வில் மூலப் பத்திரங்களைத் தொலைத்துவிட்டு, பிறகு ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு பிரதியாக எடுத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். ஒன்றில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும், இன்னொன்றில் தகப்பன் பெயர் குறுகியிருக்கும். அதைத் திருத்த இப்போதுதான் நேரம்.

இனித் திகதி. அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை என்றீர்களே, அது உங்கள் அதிர்ஷ்டம். என்னைக் கேட்டால் செப்டெம்பர். ஜூலை முதல் வாரத்தில் பிரான்ஸில் பாடசாலைகள் மூடுகின்றன. அதன் பிறகு அங்குள்ள நம்மவர் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் புறப்படுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவும் பார்த்து, ஓகஸ்ட் கடைசியில் பிள்ளைகளின் பாடசாலை தொடங்குவதற்கு முன் திரும்பிப் போகிறார்கள். நீங்கள் ஜூலை நடுப்பகுதியில் பாரிஸிலிருந்து கொழும்புக்குத் திரும்பினால், அவர்கள் முண்டியடிக்கும் அதே விமானத்தில் அதே பக்கமாக இடம் தேடுவீர்கள். செப்டெம்பர் இரண்டாம் வாரத்தில் போகும் வழியிலும் அந்தக் கூட்டம் இராது, வரும் வழியிலும் இராது. கூட்டம் குறைந்த நாளில்தான் மலிவு வகுப்பு இருக்கைகள் கடைசி வரை மிஞ்சியிருக்கும். புதுக் கடவுச்சீட்டுக்கும் வீசாவுக்கும் அவகாசமும் கிடைக்கும். இரண்டு திகதியும் அக்காவுக்குச் சமம் என்றால், தங்கைக்காக ஆவணியைக் கேட்பதில் வெட்கம் என்ன?

உங்கள் கடிதத்தில் டிக்கெட்டின் விலையைத்தான் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். லீவுக்கும் ஒரு விலை இருக்கிறது. மாதச் சம்பளத்தை வேலை நாட்களால் வகுத்துப் பாருங்கள், அதுதான் ஒரு நாள் லீவின் குறைந்த விலை. முப்பது மணித்தியாலம் இழுத்து, நடுவில் ஒரு பகல் முழுவதும் ஏதோவொரு விமான நிலைய நாற்காலியில் உட்கார வைக்கும் டிக்கெட், பதினான்கு பதினைந்து மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும் டிக்கெட்டைவிட எவ்வளவு குறைவு? அந்த வித்தியாசம் உங்கள் ஒரு நாள் சம்பளத்தைவிடச் சிறியது என்றால் நீங்கள் நட்டப்படுகிறீர்கள். லீவு தட்டுப்பாடானவர்களுக்கு ஒரு நாளின் பெறுமதியைச் சம்பளத்தின் இரண்டு மடங்காகவே நான் போடுவேன். அந்த நாள் திரும்பக் கிடைக்காது.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு வருடத்துக்கு 14 நாள் வருட லீவும் 7 நாள் தற்செயல் லீவும் உண்டு. அதில் ஒன்பதைச் சேர்த்துத் தருகிறார் உங்கள் முதலாளி. மோசமில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: சனிக்கிழமை அரைநாளை முழு லீவாக வெட்டுவாரா, அரை லீவாகவா? புதன்கிழமை வேலை முடித்து இரவு பஸ் ஏறுகிறீர்கள். வியாழன் விமானம். இரவோ வெள்ளி காலையோ அக்கா வீடு. சனி கலியாணம். அடுத்த வெள்ளி பாரிஸில் விமானம் ஏறி, சனிக்கிழமை கட்டுநாயக்கவில் இறங்கி, இரவு பஸ்ஸில் ஞாயிறு விடிய வீடு. எண்ணிப் பாருங்கள். இரண்டு சனிக்கிழமைகளையும் முழுதாக வெட்டினால் சரியாக ஒன்பது. அரையாக வெட்டினால் எட்டு, கையில் ஒரு நாள் மிச்சம். செப்டெம்பர் போயா இந்த நாட்களுக்குள் விழுந்தால் இன்னொன்று மிஞ்சும், ஏனென்றால் போயா தனியார் துறைக்கும் சம்பளத்துடனான விடுமுறை. தீபாவளி, சிவராத்திரி, பெரிய வெள்ளி ஆகியவை அப்படியல்ல. அரச விடுமுறையும் வங்கி விடுமுறையும் என்பதால் எல்லோருக்கும் என்று நினைக்கிறோம், வர்த்தக விடுமுறைப் பட்டியலில் அவை இல்லை. சுவரில் தொங்கும் கலண்டரில் ஒவ்வொரு விடுமுறைக்கும் கீழே இருக்கும் சின்ன அடையாளங்களைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

மிஞ்சும் நாளை முன்பக்கம் சேர்த்து ஊர் சுற்ற வேண்டாம். அது திரும்பி வரும்போது விமானம் தாமதித்தால் எடுப்பதற்கு. கலியாணத்தன்று காலையில் போய் இறங்கும் டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். ஓர் இணைப்பு விமானம் தவறினால் நீங்கள் போய்ச் சேரும் நேரம் மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

கொழும்புக்காரருக்குப் பயணம் கட்டுநாயக்கவில் தொடங்குகிறது, உங்களுக்கு கரடிப்போக்குச் சந்தியில் தொடங்குகிறது. பயண வழிகாட்டிகள் எழுதுபவர்களுக்கு இது தெரிவதில்லை. ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கி, வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று வரும் இரவு பஸ்கள் கொழும்புக்குள் போகுமுன்பே கட்டுநாயக்கவைக் கடக்கின்றன. விமான நிலையச் சந்தியில் இறக்கிவிடும்படி ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவிடலாம். எல்லா பஸ்ஸும் புத்தளம் வழியாக வராது, ஆசனம் பதியும்போது கேளுங்கள். அதிகாலையில் இறங்குவீர்கள் என்பதால் காலை பத்து மணிக்குப் பிறகு புறப்படும் விமானம் உங்களுக்குப் பொருந்தும். விடியப்புறம் மூன்று மணி விமானம் என்றால் முதல் நாள் பகலிலேயே ஊரை விட்டுப் புறப்பட வேண்டும், அதாவது இன்னொரு லீவு. இரண்டு டிக்கெட்டுகளை ஒப்பிடும்போது புறப்படும் நேரத்தையும் ஒரு விலையாக எழுதுங்கள்.

வான் பிடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபிக்கக் கூடாது. ஒருவரை வழியனுப்ப ஒரு வான் நிறைய ஆட்கள் போவது வன்னியில் வழக்கம். போக ஒரு வான், கூட்டி வர ஒரு வான், வழியில் எல்லோருக்கும் சாப்பாடு. தேடித் தேடி டிக்கெட்டில் மிச்சம் பிடித்த காசு அநுராதபுரம் தாண்டுமுன்பே முடிந்துவிடும். ஒரு தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.

தம்பி சொன்ன பலாலி வழியைப் பார்ப்போம். கேட்பதற்கு நல்ல யோசனைதான். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி, உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரம். கொரோனாவால் நின்ற சென்னைச் சேவையை 2022 டிசம்பரில் அலையன்ஸ் எயார் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் வந்தது. சென்னைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியவருக்கு நான் பலாலியைத்தான் சொல்வேன். பாரிஸுக்கு அப்படியல்ல. பலாலி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பாரிஸ் வேறொரு டிக்கெட் என்றால் சென்னையில் குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய வீசா தேவை. பலாலிக்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள், பாரிஸ் விமானத்தில் அனுமதிக்கும் எடை இதில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். முதல் விமானம் மழையால் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை, அந்த டிக்கெட் போனது போனதுதான். ஒரே டிக்கெட்டில், பெட்டி பாரிஸ் வரை போகும் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஒன்பது நாள் லீவில் கலியாணத்துக்குப் போகும் ஆளுக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

மிஞ்சுவது இரண்டு வழி. ஶ்ரீலங்கன் நேரடியாகப் பாரிஸ் போகிறது, ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம். எந்தெந்த நாளில் பறக்கிறது என்று பார்த்து, உங்கள் வியாழனும் வெள்ளியும் அதற்குள் வருகின்றனவா என்று பொருத்துங்கள். அடுத்தது டோஹா, துபாய், அபுதாபி வழியாக ஒரு தரிப்புடன் போவது. இதுதான் பெரும்பாலும் மலிவு. தரிப்பு நேரம் இரண்டரையிலிருந்து நான்கு மணித்தியாலம் என்றால் நல்லது. ஒரு மணித்தியாலத் தரிப்பு ஓடித் திரிய வைக்கும். லண்டன் வழியாக ஒரு மலிவு டிக்கெட் கண்ணில் படலாம், அதை விட்டுவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் லண்டனில் விமானம் மாறுவதற்கே தனி வீசா எடுக்க வேண்டும். பிரான்ஸுக்கு எடுத்த சுற்றுலா வீசா அதற்குப் போதாது.

செவ்வாய் இரவுக் கதையை இத்தோடு முடித்துவிடலாம். ஒரே சாதாரண வகுப்பு இருக்கைகளை விமான நிறுவனம் பல விலைக் கட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மலிவான கட்டு விற்று முடிந்தால் அடுத்த கட்டின் விலை திரையில் வரும். நீங்கள் எந்தக் கிழமையில் தேடுகிறீர்கள் என்பதில் பயன் இல்லை, எந்தக் கிழமையில் பறக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. கூகுள் ஃபிளைட்ஸிலோ ஸ்கைஸ்கனரிலோ கொழும்பு–பாரிஸ் என்று போட்டு, திகதிக் கட்டத்தைத் திறந்து, புறப்படும் நாளைப் புதனுக்கும் வெள்ளிக்கும், திரும்பும் நாளை வியாழனுக்கும் சனிக்கும் நகர்த்திப் பாருங்கள். ஒரு நாள் தள்ளினால் விலை எப்படி இறங்குகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தேடுவதற்கு அவை நல்லவை. வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, நேரில் போய்ப் பேசக்கூடிய முகவரிடமோ செய்யுங்கள். நானும் ஒரு பயண முகவர் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தால் முதல் வழியையே எடுங்கள். பெயர் தெரியாத மூன்றாம் தரத் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில் திகதி மாற்ற வேண்டி வந்தால், விமான நிறுவனம் ‘அவர்களிடம் கேள்’ என்னும், அவர்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள்.

எப்போது வாங்குவது என்ற கேள்விக்கு வீசாதான் பதில். நம்மவர் அதிக விலை கொடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது விண்ணப்பித்து, புறப்படப் பத்து நாள் இருக்கையில் வீசா கிடைத்து, அன்றைக்கு மிஞ்சியிருக்கும் விலையில் வாங்குகிறார்கள். ஷெங்கன் வீசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும் பாடு. ஆகவே புதுக் கடவுச்சீட்டு கைக்கு வந்தவுடன் மே மாதத்தில் விண்ணப்பித்தால், ஜூலை தொடக்கத்தில் வீசாவும் கையில் இருக்கும், செப்டெம்பர் இருக்கைகளும் மலிவாக இருக்கும்.

விண்ணப்பத்துடன் கொடுக்க வேண்டியது பயண ஒதுக்கீட்டு விவரம்தான், காசு கட்டிய டிக்கெட் அல்ல. விமான நிறுவனமோ முகவரோ சில நாளுக்குப் பிடித்து வைத்துத் தரும் ஒதுக்கீடு போதும், அதில் ஆறு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். கணினியில் செய்து தரும் போலி ஒதுக்கீட்டை வாங்காதீர்கள், குறியீட்டைத் தட்டிப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும். கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி வேண்டும். அக்கா வீட்டில் தங்குவதால் அவர் வசிக்கும் ஊரின் மேரியில், அதாவது நகரசபை அலுவலகத்தில், உங்களுக்காக வரவேற்புச் சான்று எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கும் முன்பதிவு, முத்திரைக் கட்டணம் எல்லாம் உண்டு, இப்போதே சொல்லி வையுங்கள். முதலாளியின் லீவுக் கடிதத்தில் இருக்கும் திகதியும், ஒதுக்கீட்டில் இருக்கும் திகதியும், காப்புறுதியில் இருக்கும் திகதியும் ஒன்றாக இருக்கட்டும். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் அந்தக் கடிதத்தில் தெளிவாக இருப்பது உங்களுக்குப் பலம். குறுகிய லீவு இந்த ஓர் இடத்தில் உதவி செய்கிறது. வீசா ஒட்டி வந்ததும் முதல் வேலையாக அதிலுள்ள ‘இருந்து–வரை’ திகதிகளைப் பாருங்கள். அதற்குள் அடங்கும் டிக்கெட்டைத்தான் வாங்கலாம்.

வாங்கும் நாளில் செய்ய வேண்டியது இது. கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும். மேல்வரியில் நாட்டின் குறியீட்டுக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பிறகு வருவது மற்றப் பெயர்கள். டிக்கெட்டில் அதே வரிசையில், அதே எழுத்துகளில் போட வேண்டும். நம்முடைய தகப்பன் பெயர் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்பதில்தான் அரைவாசிப் பேர் தடுமாறுகிறார்கள். அக்கா தன் அட்டையால் அங்கிருந்தே காசு கட்டினால் ஒன்றும் குறையில்லை. ஆனால் மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாக இருக்கட்டும். நேர மாற்றச் செய்தி அக்காவின் மின்னஞ்சலுக்குப் போய், கலியாண வேலையில் அவர் அதைத் திறக்காமல் விட்டால், நீங்கள் கட்டுநாயக்கவில் நிற்கும்போதுதான் விடயம் தெரியும். அட்டைக்காரர் வேறொருவர் என்றால் சில நிறுவனங்கள் அட்டையின் பிரதி கேட்பதும் உண்டு, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலிவு டிக்கெட்டில் பெட்டி அடங்குகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். கைப்பை மட்டும் அனுமதிக்கும் விலை உங்களுக்கு உதவாது, கலியாண வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது என்பது எனக்கும் தெரியும். மிளகாய்த்தூள், ஒடியல் மா போகலாம். கருவாட்டுக்கும் தடை இல்லை, அக்கா கேட்டால் நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். இறைச்சியும் நெய், பால் சேர்ந்த பண்டங்களும் ஐரோப்பாவுக்குள் கூடாது. கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், ஒரு பிடி இலைக்காக வரிசையில் நிற்காதீர்கள்.

மாமா விடயம். உங்கள் வீசாவில் சுவிஸுக்கும் போகலாம், பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு விரைவு ரயில் நான்கு மணித்தியாலம். ஆனால் போக வர இரண்டு அரைநாள், அங்கே ஒரு பகல், முன்பதிவு பிந்தினால் ரயிலுக்கும் நல்ல காசு. உங்களுக்கு இருப்பது ஒரு வாரம், அதில் கலியாணமும் அடுத்த நாள் களைப்பும் போக மிஞ்சுவது நாலு நாள். மாமாவுக்கு வீசாவும் வேண்டாம், முதலாளியிடம் ஒன்பது நாள் கெஞ்சவும் வேண்டாம். எப்படியும் கலியாணத்துக்கு வருவார்தானே, இரண்டு நாள் கூட நிற்கும்படி அக்காவை விட்டுக் கேளுங்கள்.